செஸ் உலகுக்கு ‘இந்தியன்’ பெயரைத் தந்த வங்காள வீரர்

மும்பை மாட்டுங்காவிலோ சென்னை மயிலாப்பூரிலோ செஸ் பயிலும் சிறுவர்கள் விரைவிலேயே அறிந்துகொள்ளும் பெயர், ‘கிங்ஸ் இந்தியன் டிஃபென்ஸ்’. கறுப்புக் காய்களுடன் ஆடுவோருக்கான புகழ்பெற்ற தற்காப்பு முறை இது. இதில் உள்ள ‘இந்தியன்’ என்ற சொல் நிலைபெற முக்கியக் காரணமானவர், 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வங்காள வீரர் மகேஷ் சந்திர பானர்ஜி ஆவார்.

கிராமப்புறத்தில் இந்திய முறைச் சதுரங்கம் ஆடி வளர்ந்த பானர்ஜி, 1848ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஜான் காக்ரேனை எதிர்கொண்டார். வழக்கறிஞரான காக்ரேன், லண்டனின் முன்னணி வீரர்களுள் ஒருவராகத் திகழ்ந்தவர். அதன்பின் இருவரும் பல ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் மோதினர்.

இந்திய முறையில் சிப்பாய்கள் தொடக்கத்திலும் ஒரு கட்டம் மட்டுமே நகரும். எனவே மையத்தை உடனே கைப்பற்றாமல், பிஷப்பை ஓரத்திலிருந்து குறிவைக்கச் செய்வது பானர்ஜிக்கு இயல்பாக அமைந்தது. இன்று கிங்ஸ் இந்தியன் என அழைக்கப்படும் முறையில் ஆடிய ஓர் ஆட்டத்தில், 12ஆவது நகர்த்தலில் தமது அரசி தாக்கப்பட்ட நிலையிலும் அதனைக் காக்காமல் சிப்பாயால் குதிரையை வெட்டினார். காக்ரேன் அரசியை வீழ்த்த, இரண்டு நகர்த்தல்களில் வெள்ளை அரசியும் வீழ்ந்தது. இறுதியில் கறுப்பே வென்றது.

1855 மே மாதம் அவர் மற்றொரு புதிய தற்காப்பை ஆடித் தோல்வியடைந்தார். ஆனால் 67 ஆண்டுகளுக்குப் பின், 1922இல் ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டு அதே முறையில் அலெக்சாண்டர் அலெகினை வீழ்த்தினார். பின்னாளில் உலக சாம்பியனான அலெகினை வென்ற அம்முறை, ‘குருன்ஃபெல்டு டிஃபென்ஸ்’ என்றே அழைக்கப்படுகிறது. 1848இல் பானர்ஜிக்கு எதிராகக் குதிரையைத் தியாகம் செய்து காக்ரேன் ஆடிய முறைக்கு ‘காக்ரேன் கேம்பிட்’ என்று பெயர்.

எதிராளியின் பெயரும், பின்வந்தவரின் பெயரும் செஸ் நூல்களில் நிலைத்துவிட்டன. பானர்ஜியின் பெயரில் எந்தத் தொடக்க முறையும் பரவலாக அறியப்படவில்லை. ஆயினும், 1884ஆம் ஆண்டிலேயே வழக்கில் இருந்த ‘இந்தியன் டிஃபென்ஸ்’ என்ற சொல், அவரது ஆட்டங்களையே நினைவூட்டுகிறது. இன்றும் உலகப் போட்டிகளில் கறுப்புக் காய்களுடன் அமரும் வீரர்கள், அவர் காட்டிய வழியில் வெற்றி தேடுகின்றனர்.