வட்டுக்கோட்டையில் வானியல் கற்பித்த பூவர்

நவக்கிரகங்களைச் சுற்றி வந்து வழிபடும் நாம், அவ்வொன்பதில் நம் காலடியிலுள்ள பூமி இல்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சூரியனும் சந்திரனும் உண்டு; இராகு கேதுவும் உண்டு; பூமிக்கு மட்டும் இடமில்லை. பூமியும் சூரியனைச் சுற்றும் ஒரு கிரகமே என்பதை யாழ்ப்பாணத்து வகுப்பறைக்குக் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் டானியேல் பூவர்.

1789 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் பிறந்த அவர், 1816 இல் அமெரிக்க மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையில் பணி தொடங்கினார். தமிழைக் கற்று அம்மொழியிலேயே பிரசங்கித்தார். 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி தோன்றியபோது அதன் முதல் அதிபரானார்.

1829 மார்ச் 20 ஆம் நாளின் சந்திரகிரகணம் அவர் பெயரை ஊரெங்கும் பரப்பிற்று. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்புக்கும் ஐரோப்பியக் கணிப்புக்கும் தொடக்க நேரத்தில் ஏறத்தாழக் கால்மணி வேறுபாடு இருந்தது. மறையும் அளவிலும் நீடிக்கும் நேரத்திலுங்கூட வேறுபாடு. பூவர் அதைப் பகிரங்கப்படுத்தினார். கிரகணம் அவர் கூறியபடியே நிகழ்ந்தது. தொலைநோக்கியின்றி, வழிவழி வந்த வாய்பாடுகளைக் கொண்டு சாஸ்திரியார் அவ்வளவு நெருங்கி வந்ததே பெருஞ்சாதனை என்று நாம் கருதுகிறோம். பூவரோ அந்தக் கால்மணி வழுவைச் சைவத்தின் மீதே சாட்டப் பார்த்தார். கணக்கின் பிழை சமயத்தின் பிழையாகிவிடாது.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. அன்றைய ஐரோப்பிய நூல்களில் கிரகங்கள் பதினொன்று. 1801 முதல் 1807 வரை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே காணப்பட்ட சீரெஸ், பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா ஆகிய நான்கும் அவற்றுள் அடக்கம். அதே வெளியில் மேலும் பல சிறுபொருள்கள் அகப்பட்டதும், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நான்கும் பட்டியலிலிருந்து விழுந்தன. ஏறத்தாழ 940 கிலோமீற்றர் விட்டமே உடைய சீரெஸ், 2006 இல் புளூட்டோவுடன் குறுங்கோள் எனப் பெயர் பெற்றது. உருண்டையாக இருந்தும், தன் பாதையில் பிற பொருள்களை அகற்றித் தனியாட்சி செய்யாதது குறுங்கோள்.

வியாழன், சனி ஆகியவற்றின் கதை வேறு. துணைக்கோள்கள் சுற்றும் வேகத்திலிருந்து தாய்க்கோளின் நிறையை அறியலாம். அவ்வழியில், பூமியின் அடர்த்தியில் வியாழனுக்குக் காற்பங்கே உண்டென்பது நியூட்டன் காலத்திலேயே புலப்பட்டது. சனி தண்ணீரையும்விட அடர்த்தி குறைந்தது. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகியவை கல்லும் இரும்பும் செறிந்தவை. வியாழனும் சனியும் பெரும்பாலும் ஐதரசனும் ஹீலியமும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பூமிகளை விழுங்கத்தக்க வியாழனில் கால் ஊன்றத் தரையே கிடையாது. இந்த இலேசுக்குக் காரணம் வாயுவே என்பது தெளிவானது இருபதாம் நூற்றாண்டில்தான். பூவர் அதை அறிய வாய்ப்பில்லை.

1836 இல் மதுரை சென்ற அவர் 1841 இல் யாழ்ப்பாணம் மீண்டார். 1855 பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதிக்கு இரையானார். உயர்கல்வி மதமாற்றத்துக்குப் போதிய பயன் தரவில்லையென அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழு முடிவு செய்ய, செமினரியும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. அங்கு பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை தமிழில் பீஜகணிதம் எழுதினார். மற்றொரு மாணவர் சி.வை.தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவத்துக்கே திரும்பி, பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சேற்றினார்.