இயற்கையின் கணக்கை எழுதியவர்

வலியது வாழும், மெலியது மாளும் என்பதே இயற்கைத் தேர்வு எனப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அது அரைகுறை விளக்கம். ஓர் உயிர் அடுத்த தலைமுறைக்கு எத்தனை பிள்ளைகளை விட்டுச் செல்கிறது என்பதே உயிரியல் கூறும் தகுதி. இதைக் கணிதத்தால் நிறுவிய மூவருள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

1892இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் பிறந்தார். கடவுளை மறுத்தவர், பொதுவுடைமைக் கட்சியிலும் சேர்ந்தவர். ஆயினும் அவரது கணக்கின் அத்திவாரம், அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல் மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளிற் கண்ட பரம்பரை விதிகளே. நாம் இதையிட்டுச் சற்றே பெருமைப்படலாம்.

1949இல் அவர் வெளியிட்ட கருத்தொன்று நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய் ஏன் அற்றுப்போகவில்லை? தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பழுதைப் பெறும் பிள்ளை, கடும் நோயாளியாகி, மாதந்தோறும் இரத்தம் ஏற்றியே வாழவேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரோ நலமாயிருப்பார். மலேரியாவும் அவரை எளிதில் வீழ்த்தாது என ஊகித்தார் ஹால்டேன். மலேரியா மலிந்த நாட்டில் அந்தப் பழுதே கேடயம். பின்வந்த ஆய்வுகள் இக்கருத்துக்கு வலுவூட்டின.

இலங்கையில் 1934-35இல் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. குருநாகல், கேகாலைப் பகுதிகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. 2016இல் நாடு மலேரியா அற்றது என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பகைவன் போய்விட்டான், கேடயம் மட்டும் இரத்தத்தில் தங்கிவிட்டது. குருநாகலில் தலசீமியாப் பிள்ளைகளுக்கென ஒரு சிகிச்சை நிலையமே உண்டு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கலியாணம் பேசும் வீடுகளில் சீதனக் கணக்கைத் துருவித் துருவி விசாரிக்கிறோம். இரத்தப் பரிசோதனை பற்றி யார் கேட்கிறார்? மணமக்கள் இருவரும் இப்பழுதைச் சுமப்பவராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சான், மச்சாள் முறையில் மணம் முடிப்போர் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். பேச்சு முற்றாகும் முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள். மோதிரம் மாற்றிய பின் அறிந்தால் இரு வீட்டாருக்கும் மனவேதனை.

ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர் இந்தியக் குடிமகனானார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் புற்றுநோயால் இறந்தார். அவர் விருப்பப்படி உடல் ஆந்திராவின் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர் அறுத்துப் படிப்பதற்காக, அனுப்பப்பட்டது.