குர்ட் லெவின்

குர்ட் லெவின் (செப்டம்பர் 9, 1890 - பெப்ரவரி 12, 1947) ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் ஆவார். வெவ்வேறு எண்ணம் கொண்ட சிலர் கூடி முடிவெடுக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். குழு இயக்கவியல் என்னும் துறையை நிறுவியவராகவும் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

அன்று பிரஷ்யாவில் இருந்த, இன்று போலந்தில் உள்ள மொகில்னோ என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். முதல் உலகப் போரில் படையில் பணியாற்றிக் காயமுற்றார். பின்னர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அங்கு மாணவர்களுடன் காப்பிக் கடையில் அமர்ந்து நெடுநேரம் விவாதிப்பது இவரது வழக்கம். அவ்விவாதங்களில் ஆசிரியரை மறுத்துப் பேச மாணவர்கள் தயங்கியதில்லை. 1933 இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். ஜெர்மனியை விட்டு வெளியேறிய இவருடைய தாயாரும் பின்னர் நாசிகளால் கொல்லப்பட்டார்.

ஆய்வுகள்

அயோவாவில் ரொனால்ட் லிப்பிட், ரால்ப் வைட் ஆகியோருடன் சிறுவர் குழுக்களை ஆராய்ந்து 1939 இல் முடிவுகளை வெளியிட்டார். தலைவரே அனைத்தையும் தீர்மானித்த குழுக்களில், அவர் வெளியே சென்றவுடன் வேலை தளர்ந்தது. சிறுவர்கள் கலந்து பேசித் தீர்மானித்த குழுக்களில் வேலை தொடர்ந்தது.

இரண்டாம் உலகப் போர்க்கால இறைச்சித் தட்டுப்பாட்டின்போது செய்த ஆய்வும் புகழ்பெற்றது. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க இல்லத்தரசிகளை இணங்கவைப்பதே நோக்கம். சில குழுக்களுக்குச் சொற்பொழிவு நிகழ்த்தப்பட்டது. மற்றவை தம் தயக்கங்களைப் பேசித் தாமே முடிவெடுத்தன. சொற்பொழிவு கேட்டோரில் 3 விழுக்காட்டினரும், கூடி முடிவெடுத்தோரில் 32 விழுக்காட்டினரும் முன்பு சமைத்திராத ஒன்றைச் சமைத்தனர். ஆனால் பின்னர் விசாரிக்கப்படும் என்பது இரண்டாம் வகையினருக்கு மட்டுமே முன்கூட்டித் தெரிந்திருந்தது. இது ஆய்வின் குறையே. விவாதத்தைவிட, முடிவெடுத்த செயலும், பிறரும் உடன்படுகின்றனர் என்ற எண்ணமுமே பயனளித்தன என்று எடித் பென்னெட் 1955 இல் காட்டினார்.

1946 இல் கனெக்டிகட் மாநிலத்தில் லெவின் நடத்திய பயிலரங்கில், பயிற்சி பெற்றோரின் நடத்தை பற்றி ஆய்வாளர்கள் மாலையில் தமக்குள் பேசுவதுண்டு. அதைக் கேட்கப் பயிற்சியாளர் சிலரும் அனுமதி கோரினர், லெவின் இசைந்தார். நடந்தது அவ்வாறன்று என அவர்கள் மறுத்தனர். ஒரே நிகழ்வை ஒவ்வொருவரும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருந்தது அப்போது வெளிப்பட்டது. அவ்வேறுபாடுகளை வெளிப்படையாகப் பேசுவதே பயிற்சிக் குழு முறையாக வளர்ந்தது.

அடுத்த ஆண்டு மாசச்சூசெட்ஸில் மாரடைப்பால் காலமானார். அவர் திட்டமிட்டிருந்த பயிற்சி முகாமை அவருடன் பணியாற்றியோர் 1947 கோடையில் மெயின் மாநிலத்தின் பெத்தேல் நகரில் நடத்தினர்.