ரணத்திற்குத் தேன்: ஹக்கீம் இப்னு சீனாவின் வாழ்வும் வைத்தியமும்

பிள்ளை விழுந்து முழங்கால் தோல் உரிந்தாலும், அடுப்பில் கை சுட்டாலும், நம்மவர் வீடுகளில் முதலில் எடுக்கப்படுவது தேன் புட்டிதான். தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் பானத்தில் மனிதருக்கு நிவாரணம் உண்டென்று திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 69-ஆவது வசனம் அறிவித்திருக்க, முஸ்லிம் இல்லங்களில் தேனுக்குத் தனி மதிப்பு இருப்பது இயல்பே. ஆயினும் நீரிழிவுக்காரர் காலில் புண் கண்டால், அதன்மேல் தேனைத் தடவிக்கொண்டு வாரக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிட்டு, விரல் கறுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதும் நம்மிடையே நடக்கிறது. மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டென்று 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கண்டறிந்தது. ஆகவே இது சிறிய விஷயமன்று. ரணத்திற்குத் தேனை மருந்தாக எழுதிவைத்த இஸ்லாமிய வைத்தியர்களுள் தலைசிறந்தவரான இப்னு சீனா யார், அவர் எழுதியது என்ன என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மேல்நாட்டார் அவிசென்னா என்றும், நம்மவர் ஷைகுர் ரயீஸ் என்றும் அழைக்கும் அபூ அலீ அல்ஹுஸைன் இப்னு சீனா, புகாராவுக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 370, கிறிஸ்து ஆண்டு 980 வாக்கில் பிறந்தார். தந்தையார் பல்க் நகரத்தவர்; ஸாமானிய அரசில் அதிகாரியாய் இருந்தவர். பத்து வயதிற்குள் திருக்குர்ஆனை ஓதி முடித்துவிட்ட பிள்ளையை, இந்தியக் கணக்கு அறிந்த ஒரு காய்கறி வியாபாரியிடம் எண் கற்க அனுப்பினார். கல்வி எவரிடம் இருப்பினும் அங்கே போய்ப் பெற வேண்டும் என்ற எண்ணம் அந்தக் குடும்பத்தில் இருந்தது. பிறகு தர்க்கம், வானநூல், தத்துவம் என்று படிப்பு நீண்டது. வைத்தியம் அவருக்குக் கடினமான கல்வியாகத் தோன்றவேயில்லை. பதினாறு வயதில், பெயர் பெற்ற வைத்தியர்கள் அவரிடம் வந்து பாடம் கேட்டனர். நூல்களைப் படித்ததோடு நோயாளிகளையும் அவர் பார்த்து வந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஏட்டில் இல்லாத பல சிகிச்சை வழிகள் இப்படிப் பார்த்ததால்தான் தமக்குத் திறந்தன என்று அவரே தம் வரலாற்றில் குறித்திருக்கிறார்.

புகாராவின் மன்னர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயுற்றபோது, அரண்மனை வைத்தியர்கள் இந்த இளைஞரையும் உடன் அழைத்தனர். அதற்கு வெகுமதியாக அவர் பெற்றது அரசரின் நூலகத்திற்குள் நுழையும் அனுமதி. அறை அறையாகப் பெட்டிகளில் அடுக்கியிருந்த கிதாபுகளை வாசித்து முடித்தபோது அவருக்கு வயது பதினெட்டு.

அதன்பின் அவர் வாழ்வில் நிம்மதி குறைவு. தந்தையார் மறைந்தார்; ஸாமானிய ஆட்சியும் சரிந்தது. குர்கான்ஜ், ஜுர்ஜான், ரய், ஹமதான் என்று ஊர் ஊராகச் சென்றார். ஜுர்ஜானில் அபூ உபைத் அல்ஜுஸ்ஜானி என்னும் மாணவர் வந்து சேர்ந்து, இறுதிவரை பிரியாமல் இருந்தார். ஆசிரியரின் பிற்கால வாழ்வை நாம் அறிவது இம்மாணவர் எழுதிவைத்ததால்தான். ஹமதானில் அமீர் ஷம்ஸுத் தௌலாவின் வயிற்று நோயைத் தீர்த்து, அவருடைய வஸீராகவும் ஆனார். பகலெல்லாம் அரசாங்க வேலை. இரவில் மாணவர் கூடுவர். ஒருவர் முறை வைத்து ஷிஃபா என்ற நூலை வாசிக்க, மற்றொருவர் கானூனை வாசிப்பார். அமீர் இறந்தபின் அரசியல் சந்தேகத்தால் ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். பின்னர் ஸூஃபிகளைப் போல் உடையணிந்து, தம் சகோதரரோடும் ஜுஸ்ஜானியோடும் இஸ்ஃபஹானுக்குத் தப்பிச் சென்றார். இந்த அலைச்சலுக்கு நடுவே ஐந்து பாகங்கள் கொண்ட அல்கானூன் ஃபித் திப் போன்ற பெருநூலை ஒருவர் எழுதினார் என்பதை நினைக்க நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

கானூனின் இரண்டாம் பாகம் தனி மருந்துகளைப் பற்றியது. தேன் அதில்தான் வருகிறது. ரணத்திற்குத் தேனிடுவது இப்னு சீனா கண்டுபிடித்தது அன்று. எகிப்தியர் அவருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காயத்தில் தேனைக் கட்டினர். கிரேக்க வைத்தியர் தியோஸ்கோரிதீஸும் அதை எழுதியிருந்தார். முன்னோர் சொன்னதை எடுத்துக்கொண்டு, எந்தப் புண்ணுக்கு எந்த வகையில் என்று அவர் பிரித்து வைத்தார். தேன் அழுக்கை அகற்றும் தன்மையுடையது, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே இழுப்பது, சதை அழுகிக் கெடாமல் தடுப்பது என்று அதன் குணத்தை வகுத்தார். அசுத்தம் சேர்ந்து குழிவிழுந்த புண்ணைத் தேன் துப்புரவாக்கும். புதிதாய் வெட்டுப்பட்ட காயத்தின் வாயை ஒட்டவைக்க, கெட்டியாகும்வரை காய்ச்சிய தேன் வேண்டும். படர்தாமரைக்குப் படிகாரம் கலந்து பூச வேண்டும். எல்லாப் புண்ணுக்கும் தேன் என்று அவர் எழுதவில்லை.

அதே பாகத்தின் முற்பகுதியில், ஒரு மருந்தைச் சோதித்து அறிய ஏழு நிபந்தனைகளை அவர் விதித்திருக்கிறார். பல நோய் கலந்த நோயாளியிடம் சோதிக்கக் கூடாது. மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஏற்றதாய் இருக்க வேண்டும். பலன் எப்போதும் அல்லது பெரும்பாலும் ஒரே விதமாய் நிகழ வேண்டும். சோதனை மனித உடலில் நடக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. குவாரிஸ்மில் காசநோயுற்ற ஒரு பெண்மணிக்கு ஜுலஞ்சபீன் என்ற ரோஜா லேகியம் ஒன்றையே கொடுத்து அவர் குணப்படுத்தியதாக ஜுஸ்ஜானி சொல்கிறார். அப்பெயருக்கே ரோஜாவும் தேனும் என்றுதான் பொருள். ஆனால் அவர் கொடுக்கச் சொன்னதோ சர்க்கரையில் செய்தது! தேனின் குணத்தை நன்கறிந்தவர், அங்கே அதை விலக்கினார். இத்தகைய தம் அனுபவங்களைக் கானூனில் சேர்க்க எண்ணித் தனித்தாள்களில் குறித்து வைத்திருந்தார். நூல் முடியுமுன் அத்தாள்கள் தொலைந்துவிட்டன. நமக்கு இது பெரிய நஷ்டம்.

இப்னு சீனாவின் தத்துவக் கருத்துகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வன்மையாக மறுத்தார்கள். அந்த வழக்கில் நாம் புகவில்லை. வைத்தியக் கல்வியை அந்த இமாமவர்களே பர்ளு கிஃபாயா என்று வகுத்திருப்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். கானூன் 12-ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் பாடமாக இருந்தது.

தேனின் ஈரம் இழுக்கும் குணத்திற்குக் காரணத்தை இக்காலத்தார் விளக்கியிருக்கின்றனர். தேனில் ஏறத்தாழ 80 விழுக்காடு சர்க்கரை. நீர் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகையால் அது புண்ணின் நீரையும் கிருமிகளின் நீரையும் உறிஞ்சுகிறது. அதன் புளிப்புத் தன்மையும் கிருமிக்கு ஆகாது. தேனீ சேர்க்கும் ஒரு நொதி, ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக உண்டாக்குகிறது. தேனைக் கொதிக்க வைத்தால் அந்த நொதி அழியும். ஆகையால் புண்ணுக்கென்று வீட்டில் தேனைக் காய்ச்சுவோர் அதன் பலத்தில் ஒரு பகுதியை இழக்கின்றனர். ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்கு இடும் தேன், கிருமி நீக்குவதற்காகக் காமா கதிரில் வைக்கப்பட்டது. கடையில் வாங்கும் தேனில் கிருமி வித்துகள் இருக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஊட்டக் கூடாது என்பதும் அதனால்தான். நம் நாட்டுக் காடுகளின் துவாலாங் மரத் தேனைத் தீக்காயங்களுக்கு இட்டு, மலேசிய அறிவியல் பல்கலைக் கழகத்தாரும் ஆராய்ந்திருக்கின்றனர்.

2015-ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பினர் பல சோதனைகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்தனர். மிக ஆழமில்லாத தீக்காயம் தேனிட்டால் வழக்கமான கட்டுகளைவிட நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகிறது. அறுவைக்குப் பின் சீழ்பிடித்த காயமும் விரைவில் ஆறுகிறது. நீரிழிவுக்காரரின் கால்புண்ணுக்குத் தேன் மேலானது என்று சொல்ல மட்டும் தெளிவான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்புண்ணில் இரத்த ஓட்டம், நரம்பு, எலும்பு ஆகிய மூன்றையும் டாக்டர் பார்த்தாக வேண்டும். தேன் இடலாமா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

இனி ஷைகுர் ரயீஸின் இறுதி நாட்கள். இஸ்ஃபஹானின் அமீர் அலாவுத் தௌலாவுடன் படையெடுப்பில் சென்றபோது அவருக்குக் கடும் குடல்வலி கண்டது. விரைவில் தேறி நடக்க வேண்டுமென்ற அவசரத்தில் ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார், குடல் புண்ணாயிற்று. மருந்தில் செலரி விதை இரண்டு தானக் சேர்க்கும்படி அவர் சொல்ல, கலந்த வைத்தியர் ஐந்து திர்ஹம் எடை போட்டுவிட்டார். ஒரு திர்ஹமுக்கு ஆறு தானக். ஆகவே சொன்ன அளவுக்கு அது பதினைந்து மடங்கு. வேண்டுமென்று செய்தாரா, கை தவறியதா என்பது தமக்குத் தெரியவில்லை என்று ஜுஸ்ஜானி எழுதுகிறார். போதாக்குறைக்கு, அவர் பொருளைக் களவாடிய பணியாள் ஒருவன், பிடிபடுவோம் என்று அஞ்சி, வேறொரு மருந்தில் அபினை மிகுதியாய்க் கலந்தான். ஓரளவு தேறிய நிலையிலேயே அமீருடன் ஹமதானுக்குப் புறப்பட்டார். வழியில் நோய் திரும்பியது. உடலை ஆளும் சக்தி ஓய்ந்துவிட்டது, இனி வைத்தியம் பயன்படாது என்று தாமே கண்டு மருந்தை நிறுத்திக்கொண்டார். அடிமைகளை விடுதலை செய்து, பொருளை ஏழைகளுக்குத் தருமம் செய்து, மூன்று நாளுக்கு ஒருமுறை குர்ஆனை ஓதி முடித்து வந்தாரென்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். ஹிஜ்ரி 428 ரமலான் மாதம், 1037-இல், ஐம்பத்தெட்டாவது வயதில் வஃபாத்தானார். ஹமதானிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1950-களில் எழுப்பிய உயர்ந்த நினைவு மண்டபத்தின் கீழ் அன்னாரின் கப்ர் இருக்கிறது.