கதவைத் திறந்த வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி

புலம்பெயர்ந்த மண்ணில் எமது பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் மொழியைப் பற்றியும் நாம் ஓயாது பேசுகின்றோம். அவர்களது உடலின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் எமக்கு நா எழுவதில்லை. ஒரு வீட்டை இரு குடும்பங்கள் பகிர்ந்து வாழ்வதும், தாயும் தந்தையும் மாறிமாறி வேலைக்குச் செல்லப் பிள்ளையை அறிந்தவரிடம் விட்டுச் செல்வதும் வெக்ஸ்போர்ட் வாழ் தமிழருக்குப் புதியவை அல்ல. இந்நிலையில் மௌனம் ஆபத்தானது. அம்மௌனத்தைத் தம் காலத்திலேயே உடைத்த தமிழ்ப் பெண்மணி ஒருவரின் வாழ்வை இங்கு நினைவுகூர்கின்றோம்.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி அதிபர். தாய் சந்திரம்மாள் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கமுடைய குலத்தைச் சேர்ந்தவர். அக்குலத்துச் சிறுமியருக்கு நேர்ந்ததை முத்துலட்சுமி நூலில் படித்து அறியவேண்டியிருக்கவில்லை. எதிர்ப்புகளின் நடுவே ஆண்கள் கல்லூரியில் பயின்ற அவர், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914இல் வைத்தியர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினரான அவர், அதன் துணைத் தலைவராகவும் தெரிவானார். 1927இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். விவரம் அறியாத வயதில் சிறுமிக்குப் பொட்டுக்கட்டிப் பின்னர் செல்வந்தரின் இச்சைக்கு அவளைப் பலியிடுவது சமயமாகாது என்பது அவரது உறுதி. சத்தியமூர்த்தி போன்ற பெருந்தலைவர்களே மரபின் பெயரால் அவரை எதிர்த்தனர். தமது கலையும் வாழ்வாதாரமும் பறிபோகும் என அஞ்சி அக்குலப் பெண்களிற் பலரும் எதிர்த்தனர்.

தீமையின் வேர் நிலத்தில் இருப்பதை அவர் கண்டார். கோயில் மானிய நிலத்தை வைத்திருக்கக் கோயிற் பணிக்குப் பெண் வேண்டும் என்பதால், ஒரு தலைமுறைக்குப் பின் அடுத்த தலைமுறைச் சிறுமிக்கும் பொட்டுக்கட்டப்பட்டது. 1929இல் நிறைவேறிய சட்டம் அந்நிலங்களைக் கோயிற் பணிக் கடமையிலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டுவதை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 1947இலேயே வந்தது. இருபது ஆண்டுகள் அவர் சலிக்கவில்லை.

ஆயினும் சட்டத்தைவிட எமது நெஞ்சைத் தொடுவது வேறொரு நிகழ்ச்சி. 1930இல் அக்குலத்துச் சிறுமியர் மூவர் அடைக்கலம் தேடி அவரது வீட்டுக் கதவைத் தட்டினர். பிறப்பைக் காரணம் காட்டி விடுதியில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. முத்துலட்சுமி தமது வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அவ்வாறு தோன்றியதே அவ்வை இல்லம். பின்னர் அடையாற்றில் நிலைபெற்ற அவ்வில்லம் ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் மட்டுமன்றிக் கல்வியையும் தொழிற் பயிற்சியையும் அளித்தது. நேர்ந்த தீங்கிற்காக எந்தப் பிள்ளையும் அங்கே தலைகுனிய வேண்டியிருக்கவில்லை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்து அவர் எழுப்பிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் இயங்கத் தொடங்கியது. 1968ஆம் ஆண்டு யூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார்.

இன்று பொட்டுக்கட்டும் கோயில்கள் எம்மிடம் இல்லை. ஆனால் குடும்ப மானம் என்னும் பெயரில் பிள்ளையின் வாயைப் பொத்தும் வழக்கம் இருக்கின்றது. பிள்ளைகளுக்குத் தீங்கிழைப்போரில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு அறிமுகமானவர்களே. எனவே மாமா, சித்தப்பா, ஆசிரியர் என்ற உறவும் மதிப்பும் விசாரணைக்குத் தடையாகக் கூடாது. விரும்பாத தொடுகையை மறுக்கவும், எவர் இரகசியம் காக்கச் சொன்னாலும் எம்மிடம் வந்து சொல்லவும் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே கற்பிப்போம். சொல்லும் பிள்ளையை ஏசாமல், குறுக்குக் கேள்வி கேட்காமல், முதலில் நம்புவோம்.

ஒன்ராறியோச் சட்டப்படி, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தீங்கு நேர்வதாக நியாயமான ஐயம் கொள்ளும் எவரும் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு உடனே அறிவிக்கவேண்டும். ஆதாரம் திரட்டுவது எமது வேலையன்று. நல்லெண்ணத்துடன் அறிவிப்பவரைச் சட்டம் காக்கின்றது. குடியுரிமை பெற்றவர், அகதிக் கோரிக்கையாளர் என்ற வேறுபாடு இக்கடமைக்கு இல்லை.

அன்று மூன்று சிறுமியர் தட்டிய கதவு திறந்தது. எமது வீட்டுப் பிள்ளை தட்டும்போது நாம் என்ன செய்யப்போகின்றோம்?