கோல் காவலர் ஆர். ஆறுமுகம்

மாலை வேளையில் தோட்டத் திடலில் பந்து உருளும்போது, கோல் கம்பத்திற்குக் காவல் நிற்க எந்தப் பிள்ளையும் எளிதில் முன்வருவதில்லை. ஓடிச் சென்று கோல் அடிப்பதிலேதான் அனைவர்க்கும் ஆசை. பிறர் விரும்பாத அவ்விடத்தில் நின்றே நாடறிந்த புகழெய்திய தமிழர் ஒருவரைப் பற்றி மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவரே ஆர். ஆறுமுகம்.

அவர் 1953-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31-ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்தில் பிறந்தார். நெடிய உடலும் நீண்ட கைகளும் வாய்க்கப் பெற்றவர். மூலையிலிருந்து உயர்ந்து வரும் பந்தைப் பலர் தலைக்கு மேல் எட்டிப் பறித்துவிடுவார். அதனால் மக்கள் அவரைச் சிலந்தி மனிதர் என்றே அழைத்தனர். சீனரும் மலாய்க்காரரும்கூட அப்பெயரைச் சொல்லியே ஆரவாரம் செய்தனர்.

அக்காலத்தில் நம் நாட்டுக் காற்பந்தின் உயிர்நாடி மலேசியக் கிண்ணமேயாகும். 1921-இல் மலாயா என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் வழங்கிய கிண்ணத்துடன் தொடங்கிய போட்டி அது. மாநிலத்துக்கு மாநிலம் மோதும். விளையாட்டாளர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வருவர். ஆறுமுகம் சிலாங்கூர் குழுவின் காவலர். மொக்தார் டஹாரி முன்னணியில் கோல் அடிக்க, இவர் பின்னணியில் காத்தார். 1975, 1976, 1978, 1979, 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் கிண்ணம் சிலாங்கூருக்கே சென்றது.

தேசியக் குழுவிலும் அவர் நெடுங்காலம் நிலைத்தார். 1974-இல் தெஹ்ரானில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் மலேசியா வெண்கலம் பெற்றது. 1977-இலும் 1979-இலும் தென்கிழக்காசியப் போட்டியில் தங்கம் வென்றது.

ஆயினும் 1980-ஆம் ஆண்டைத்தான் நாம் நின்று நோக்க வேண்டும். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று கோலாலம்பூர் மெர்டேகா அரங்கில் நடந்தது. ஏப்ரல் 6-ஆம் நாள் தென் கொரியாவுடன் இறுதி மோதல். கொரியர் ஓயாது தாக்குபவர். அவர்களை எதிர்த்து நிற்பது எளிதன்று. சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோர் தற்காப்பில் நிற்க, ஆறுமுகம் கோல் வாயிலைக் காத்தார். ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலை அடித்தார். மலேசியா 2-1 என்ற கணக்கில் வென்றது. சீனர், சீக்கியர், மலாய்க்காரர், தமிழர், சபா மாநிலத்தவர் அனைவரும் ஒரே சட்டையணிந்து பெற்ற வெற்றி அது.

ஆனால் அவர்கள் மாஸ்கோ செல்லவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து, பல நாடுகளுடன் நம் நாடும் அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. அம்முடிவு தகுமா தகாதா என்பதை நாம் ஈண்டு ஆராயப் புகவில்லை. மலேசியாவின் இடத்தில் ஈராக் சென்று ஆடியது என்பதை மட்டும் குறிக்கின்றோம். ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27. 1972-இல் மூனிச் நகரில் ஆடிய நம் காற்பந்துக் குழு, அதன்பின் ஒலிம்பிக் திடலில் கால் வைக்கவேயில்லை. 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் இக்கதையைத் தழுவியது. அதில் கோல் காவலராக வரும் தமிழ் இளைஞனைக் கண்டு, லயத்துப் பெரியவர்கள் ஆறுமுகத்தை நினைத்திருப்பர்.

இனி லீக்கின் வரலாறு. 1979-இல் மலேசியக் கிண்ணத்திற்கு முன்னோட்டமாக லீக் சுற்று ஒன்று புகுத்தப்பட்டது. 1982 முதல் அதில் முதலிடம் பெற்ற குழுவுக்குத் தனிப் பரிசு கிடைத்தது. ஆட்டத்தையே பிழைப்பாகக் கொள்ள வழிசெய்யும் அரைத் தொழில்முறை லீக் 1989-இல் தொடங்கவிருந்தது.

அது தொடங்குமுன்னரே முடிவு வந்தது. 1988 திசம்பரில் நேர்ந்த கார் விபத்தொன்றில் ஆறுமுகம் உயிரிழந்தார். வயது 35.

லீக் குறித்தபடி தொடங்கிற்று. முதலாண்டில் வாகை சூடியது அவருடைய சிலாங்கூரே. 1993-இல் நம் கெடா லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் சேர்த்தே வென்றது. 1994-இல் முழுத் தொழில்முறை லீக் வந்தது; 2004-இல் சூப்பர் லீக் பிறந்தது. கோல் காவலர் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பந்து பிடிப்பதற்கே மாதச் சம்பளம் பெறும் வழக்கம் அவ்வாறுதான் நம் நாட்டில் ஏற்பட்டது.