இளம் விமானி இந்திர லால் ராய்

ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டில் முதன்முதலாக விமானத்தில் பறந்து காட்டினர். அடுத்த பதினொரு ஆண்டுகளில் முதல் உலகப்போர் மூண்டது. மக்கள் அண்ணாந்து பார்த்து வியந்த விமானம் விரைவிலேயே போர்க்கருவியாக மாறியது. அந்தப் போரில் விமானம் ஓட்டிய இந்தியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுள் ஒருவர்தான் இந்திர லால் ராய்.

இந்திர லால் ராய் 1898ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை பியரி லால் ராய் புகழ்பெற்ற வழக்கறிஞர். தாயார் லொலிதா ராய் பெண்களின் வாக்குரிமைக்காக இலண்டனில் நடைபெற்ற ஊர்வலத்தில் கலந்துகொண்டவர். அண்ணன் பரேஷ் லால் ராய் பிற்காலத்தில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை எனப் போற்றப்பட்டார். வீட்டார் இந்திர லாலை லாடி என்று செல்லமாக அழைத்தனர்.

அவர் இலண்டனில் உள்ள செயின்ட் பால் பள்ளியில் கல்வி பயின்றார். போர் தொடங்கியபோது அவருக்கு வயது பதினைந்து. பள்ளியின் மாணவர் படையில் பயிற்சி பெற்ற அவர், விமானி ஆக வேண்டும் என்று உறுதி பூண்டார். பதினெட்டு வயது நிறைந்ததும் பிரிட்டிஷ் அரச விமானப் படையில் சேர விண்ணப்பித்தார்.

ஆனால், முதல் படியிலேயே தடை எழுந்தது. கண்பார்வை போதவில்லை என்று கூறி அவரை மருத்துவர்கள் நிராகரித்தனர். இந்திர லால் மனம் தளரவில்லை. தம்முடைய மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு புகழ்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மீண்டும் பரிசோதனை செய்துகொண்டார் என்று சொல்லப்படுகிறது. முந்தைய முடிவு மாற்றப்பட்டது. 1917ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் படையில் சேர்ந்தார். ஜூலை 5ஆம் நாள் அதிகாரியாக நியமனம் பெற்றார்.

அக்காலத்தில் இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்தது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தப் போரில் பணியாற்றினர். எனினும், பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குச் சமமான பதவி இந்தியர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. எனவே, ஓர் இந்திய இளைஞர் அதிகாரியாகி, விமானமும் ஓட்டியது மிக அரிய நிகழ்வாகும்.

பயிற்சிக்குப் பின்னர், அக்டோபர் மாத இறுதியில் அவர் பிரான்சில் இருந்த 56ஆம் விமானப் பிரிவில் சேர்ந்தார். அங்கு அவர் ஓட்டியது எஸ்.ஈ.5ஏ என்னும் போர் விமானம். அதில் ஒருவர் மட்டுமே அமரலாம். மரச்சட்டங்களின்மேல் துணி போர்த்தி அதனை உருவாக்கியிருந்தனர். விமானியின் இருக்கைக்கு மேல் கூரை இல்லை. குளிர்காற்று முகத்தில் அறையும். விமானத்தை ஓட்டியவரே துப்பாக்கியையும் இயக்க வேண்டும். விமானம் தீப்பற்றினாலும் குதித்துத் தப்புவதற்குப் பிரிட்டிஷ் விமானிகளுக்கு வான்குடை வழங்கப்படவில்லை.

டிசம்பர் 6ஆம் நாள் இந்திர லாலின் விமானம் தரையில் மோதி நொறுங்கியது. அவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டது. சுயநினைவு இழந்து கிடந்த அவரை இறந்துவிட்டார் எனக் கருதிப் பிணவறையில் வைத்ததாகவும், நினைவு திரும்பியதும் அவர் கதவைத் தட்டிக் கூச்சலிட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. எப்படியாயினும், அவர் மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார் என்பது உண்மை.

சிகிச்சைக்காக அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பறப்பதற்கு ஏற்ற உடல்நிலை அவருக்கு இல்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். பறக்க முடியாத அந்த மாதங்களில் அவர் தாளும் பென்சிலுமாக அமர்ந்து விமானங்களை வரைந்தார். வானில் ஒன்றையொன்று துரத்தும் விமானங்கள் அவருடைய ஓவியங்களில் உயிர்பெற்றன. அவற்றுள் பல இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

அவர் விரும்பியிருந்தால் தரையிலேயே பாதுகாப்பான பணியில் தொடர்ந்திருக்கலாம். ஆனால், அவர் மனம் வானத்தையே நாடியது. மீண்டும் மீண்டும் முயன்று பறப்பதற்கு அனுமதி பெற்றார். 1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சுக்குத் திரும்பி, 40ஆம் விமானப் பிரிவில் இணைந்தார். அங்கு அயர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்கல்ராய் என்னும் தேர்ந்த விமானி அவருக்குத் தலைவராக அமைந்தார்.

ஜூலை 6ஆம் நாள் இந்திர லால் தமது முதல் வான்போர் வெற்றியைப் பெற்றார். இரண்டு நாள் கழித்து, நான்கே மணி நேரத்தில் மூன்று வெற்றிகள் கிடைத்தன. 13ஆம் நாள் இரண்டு, 15ஆம் நாள் இரண்டு, 18ஆம் நாள் ஒன்று, 19ஆம் நாள் ஒன்று என அவை தொடர்ந்தன. இரண்டே வாரங்களில் பத்து வெற்றிகள் அவர் பெயரில் பதிவாயின. அவற்றுள் இரண்டு மற்ற விமானிகளோடு சேர்ந்து பெற்றவை. ஐந்து வான்போர் வெற்றிகள் பெற்றவரையே சிறந்த போர் விமானி என்று அக்காலத்தில் சிறப்பித்தனர். முதல் உலகப்போரில் அந்தச் சிறப்பைப் பெற்ற ஒரே இந்தியர் இந்திர லால் ராய்தான்.

அந்த வெற்றிப் பயணம் நீடிக்கவில்லை. ஜூலை 22ஆம் நாள் கார்வான் என்னும் ஊருக்கு மேலே ஜெர்மானியப் போர் விமானங்களோடு அவர் மோதினார். அவருடைய விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அதற்குப் பின் நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. நவம்பர் 11ஆம் நாள் போர் முடிவுக்கு வந்தது.

அவரை வழிநடத்தியவர்களும் போரின் முடிவைக் காணவில்லை. 56ஆம் பிரிவில் அவருக்குத் தலைவராக இருந்த ரிச்சர்ட் மேபரி 1917ஆம் ஆண்டு டிசம்பரிலேயே இறந்தார். மெக்கல்ராய், இந்திர லால் மறைந்த ஒன்பதாம் நாள் வீழ்ந்தார். எதிரி விமானங்களில் இருந்தவர்களுக்கும் வீட்டில் காத்திருக்கும் பெற்றோர் உண்டு. இருதரப்பு இளைஞர்களின் உயிரையும் அந்தப் போர் பறித்துக்கொண்டது.

இந்திர லால் மறைந்த இரண்டு மாதங்களில், சிறந்த வான்படைச் சேவைக்கான சிலுவை விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆனால், அதனை அணிந்துகொள்ள அவர் உயிரோடு இல்லை. பிரான்சின் எஸ்தவெல் என்னும் சிற்றூரின் இடுகாட்டில் அவர் துயில்கிறார். அவருடைய கல்லறையில் தாய்மொழியான வங்காள மொழியிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கொல்கத்தாவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரது நூற்றாண்டையொட்டி, 1998ஆம் ஆண்டில் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

இந்திய விமானப் படை 1932ஆம் ஆண்டில்தான் தோன்றியது. அதற்கு முன்பே, இந்தியர்களாலும் போர் விமானத்தைத் திறம்பட இயக்க முடியும் என்பதை இந்திர லால் ராய் மெய்ப்பித்துக் காட்டினார். தடைகள் வந்தபோதெல்லாம் தளராமல் எழுந்த அவருடைய விடாமுயற்சி இளையோருக்கு ஒரு பாடம். அத்தகைய இளைஞர் ஒருவரை இருபது வயதுகூட நிறையாத நிலையில் உலகம் இழந்தது என்பதோ, போரின் விலை என்ன என்பதை அனைவருக்கும் உணர்த்தும் பாடம்.